கனம் அளந்த கதை

ஒரு பொருளின் நீளம் என்னவென்று கேட்டால் எவரும் விடை கூறுவர். அகலத்தைக் கேட்டாலும் கூறுவர். கனத்தைக் கேட்டால் மட்டும் நம்மவருட் பெரும்பாலோர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நெருக்கிப் பிடித்து, "இவ்வளவு" என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்வர். அந்த "இவ்வளவு" என்னும் சொல்லுக்குள் எத்தனை பேரின் காசு கரைந்து போயிருக்கிறது என்பதைச் சிந்தித்தபோது எழுந்ததே இக்கட்டுரை.

சில ஆண்டுகட்கு முன் எமக்கு அண்டை வீட்டுக்காரரான பெரியவர் ஒருவர் தம் வீட்டின் பின்கட்டுக்குத் தகரக்கூரை மாற்ற விரும்பினார். எம்மையும் துணைக்கு அழைத்துக்கொண்டு இரும்புக்கடைக்குச் சென்றார். கடைக்காரர் இருவகைத் தகடுகளைக் காட்டி, "இது 28 நம்பர், அது 30 நம்பர், 30 நம்பர் விலை மலிவு" என்றார். பெரியவர் முகம் மலர்ந்தது. எண் கூடுதல், விலையோ குறைவு. இதைவிட நல்ல பேரம் வேறு என்ன இருக்கக்கூடும் என்று எண்ணி 30 நம்பரையே வாங்கினார். யாமும் ஆம் என்று தலையசைத்தோம். இரண்டு மாதஞ் சென்று தாழ்வாரத்துக் குப்பையை அள்ள ஏறிய பையனின் கால்பட்டவிடமெல்லாம் தகடு குழிந்துவிட்டது. அதன் பின்னரே, அந்நம்பர் ஏற ஏறத் தகட்டின் கனம் இறங்கும் என்பதைக் கேட்டறிந்தோம். கடைக்காரர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள்தாம் அளவு என்று நினைத்து அளவல்லாத ஒன்றைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

தலைகீழாய் நடக்கும் இந்த எண் எங்கிருந்து வந்தது? கனத்தைச் சொல்வதற்கு மக்கள் காலந்தோறும் எவ்வெவ்வளவைக் கைக்கொண்டனர்? இவ்வினாக்களின் பின்னே சென்றால் உலோகப் பட்டறை, நெசவுத்தறி, நீராவி எந்திரம், சுங்கச்சாவடி ஆகிய பலவற்றின் வாயில்களைக் கடக்க வேண்டியிருக்கிறது.

முதலில் நம் வீட்டு முற்றத்திலிருந்தே தொடங்குவோம். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் முதலான பழந்தமிழ்க் கணக்கு நூல்களில் நீட்டலளவைக்கு ஓர் ஏணி கூறப்பட்டிருக்கிறது. அணு எட்டுக் கொண்டது கதிரெழு துகள். அஃது எட்டுக் கொண்டது பஞ்சுத்துகள். இவ்வாறே எட்டெட்டாய் மயிர்முனை, நுண்மணல், சிறுகடுகு, எள், நெல் என்று ஏறி, நெல் எட்டுக் கொண்டது ஒரு விரல் என்று முடியும். அதற்குமேல் பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். சாணும் முழமும் கையோடு பிறந்த அளவுகளாதலின் எந்நாட்டிலும் உண்டு. மலாய்க்காரர் ஜெங்கல் என்பதும் ஹஸ்தா என்பதும் இவையே.

இவ்வேணியைக் காட்டி, "எம் முன்னோர் அணுவையே அளந்தனர்" என்று மேடைகளிற் பெருமை பேசுவாருளர். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வணு, விரலில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சத்தில் ஒரு பங்காகிறது. விரல் முக்கால் அங்குலம் என்று கொண்டால் அணுவின் அளவு இக்காலத்தார் நானோமீட்டர் என்று சொல்வதற்கு மிக அருகில் வந்து நிற்கும். கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்பர்கள் ஒரு பிடி நெல்லும் ஒரு சிட்டிகை எள்ளும் எடுத்துக்கொண்டு எம்மோடு சற்று அமர வேண்டுகிறோம். எட்டு நெல்லைப் பக்கவாட்டில் நெருக்கி வைத்தால் ஏறத்தாழ ஒரு விரலகலம் வந்துவிடுகிறது. இப்படி வரையில் ஏணி உண்மை. அடுத்து எட்டு எள்ளை வைத்துப் பார்த்தால் ஒரு நெல்லின் அகலத்தை அவை எப்பொழுதோ கடந்து போய்விடுகின்றன. எள்ளை அகலவாட்டில் வையாமல் அதன் கனவாட்டில் நிறுத்தி வைத்தாலும் அது முக்கால் மில்லிமீட்டருக்குக் குறையாது, ஏணியோ கால் மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதியாகத்தான் அதற்கு இடங்கொடுக்கிறது. இன்னும் கீழே இறங்கினால் மயிர்முனை விரலில் 32,768-ல் ஒரு பங்கு என்றாகிறது. நம் தலைமயிரோ விரலில் இருநூறிலிருந்து நானூறில் ஒரு பங்கு கனமுடையது. ஏணி நூறு மடங்குக்கு மேல் பிசகிவிட்டது.

இதனால் முன்னோரை யாம் இகழ்ந்தோமல்லேம். நெல்வரையில் அவர்கள் கையால் அளந்தார்கள். அதற்குக் கீழே மனத்தாற் பெருக்கினார்கள். அளத்தல் வேறு, பெருக்குதல் வேறு என்பதே யாம் சொல்ல வருவது. அக்காலத்து வாழ்வுக்கு நெல்லுக்குக் கீழ்ப்பட்ட கனத்தை அளக்கவேண்டிய தேவையுமில்லை. எள்ளளவும் இம்மியளவும் மயிரிழையும் நம் நாவுக்குத்தான் வேண்டியிருந்தன, தச்சன் உளிக்கு வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலேயரும் மூன்று வாற்கோதுமை மணி ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டு நெடுங்காலம் குறையின்றி வாழ்ந்தனர்.

தச்சனைச் சொன்னபோது நம் மொழியில் இன்றும் வழங்கும் ஓர் அழகிய அளவை மறப்பதற்கில்லை. அஃது நூல் என்பது. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம் தச்சரும் கொல்லரும் கொத்தரும் ஒரு நூல் என்பர். ஆறு நூல் பலகை என்றால் முக்கால் அங்குலக் கனம். மூன்று நூல் கம்பி என்றால் அங்குலத்தில் எட்டில் மூன்று. சட்டப் புத்தகம் எதனையும் எதிர்பாராமல், பட்டறையிலேயே வழங்கி வளர்ந்த அளவு இது. பலகைக்கும் கம்பிக்கும் கதவு நிலைக்கும் இதைவிடப் பொருத்தமான அளவை எவரும் கண்டுபிடித்துவிட முடியாது. ஏனெனில் எடுத்த பொருளின் கனம் இரண்டு, மூன்று, ஆறு என்று விரல்விட்டு எண்ணத்தக்க சிறு முழு எண்ணாக வந்து விழுகிறது. மீண்டும் அந்த எண்ணைச் சொன்னால் அடுத்த ஊர்த் தச்சனுக்கும் அதே கனம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ஒரு பொருளுக்கு ஏற்ற அளவு எது என்று வினவுவோர்க்கு எம் விடை இதுவே: எண் சிறிதாக வரவேண்டும்; கொடுப்பவனும் கொள்பவனும் தனித்தனியே அளந்தாலும் ஒன்றாகவே வரவேண்டும். இவ்விரண்டில் முன்னது வசதி, பின்னது நீதி.

நூலுக்குக் கீழே கனத்தை அளக்கவேண்டிய தேவையைப் பெரிய அளவில் உண்டாக்கியவற்றுள் நீராவி எந்திரம் முதன்மையானது. ஜேம்ஸ் வாட் தம் எந்திரத்தின் உருளைக்குள் தண்டு நீராவி கசியாமல் ஓடவேண்டுமென்று பல்லாண்டு தவித்தார். இரும்பு வார்ப்பாளரான ஜான் வில்கின்சன் 1774-இல் பீரங்கி குடைவதற்கென்று அமைத்த முறையைப் பின்னர் உருளை குடைவதற்கும் திருத்தியமைத்துக் கொடுத்தபோது, வாட்டின் கூட்டாளியான மேத்யூ போல்ட்டன் மகிழ்ச்சியோடு ஒரு செய்தி எழுதினார். ஐம்பது அங்குல விட்டமுள்ள உருளை ஒன்று, எவ்விடத்தும் ஒரு பழைய ஷில்லிங்கு நாணயத்தின் கனத்துக்கு மேல் பிசகவில்லை என்பதே அச்செய்தியின் சாரம். உலகத்தைப் புரட்டிப்போட்ட எந்திரம் ஒன்றின் நுட்பத்தைச் சொல்ல ஒரு நாணயந்தான் அவருக்கு அகப்பட்டது! பழைய ஷில்லிங்கு என்றால் எவ்வளவு பழையது? எத்தனை கைகளில் தேய்ந்தது? அதைக் கேட்க அன்று ஒருவருமில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்ல ஓர் அலகுமில்லை. அங்குலத்தைப் பாதி பாதியாகப் பிளந்துகொண்டு அறுபத்துநான்கில் ஒரு பங்குவரை தொழிலாளர் செல்வர். அதற்கப்பால், "அறுபத்துநான்கிற்குக் கொஞ்சம் குறைய", "கொஞ்சம் தாராளமாக" என்று வாய்ப்பேச்சாகவே தொழில் நடந்தது.

இந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் மான்செஸ்டர் நகரில் எந்திரத் தொழில் நடத்திய ஜோசப் விட்வொர்த். திருகுப்புரிகளுக்கு 1841-இல் ஒரே ஒழுங்கு வகுத்தவரும் இவரே. 1851-இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேற்றுமையையும் உணர்த்தவல்ல அளவு எந்திரம் ஒன்றை அவர் காட்சிக்கு வைத்தார். ஆயினும் பின்னோர்க்கு அதனினும் மிகுதியாகப் பயன்பட்டது, 1857-இல் அவர் தொழிலாளர்க்கும் எந்திர வல்லுநர்க்கும் சொன்ன யோசனை ஒன்றே. எட்டும் பதினாறும் முப்பத்திரண்டுமாக அங்குலத்தைக் கூறுபோடுவதை விட்டு, பத்திலும் நூறிலும் ஆயிரத்திலும் எண்ணவும் பேசவும் பழகவேண்டும் என்றார். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பட்டறைகளில் "தௌ" என்று பெயர் பெற்றது. "கொஞ்சம் குறைய" என்றிருந்தது, மூன்று தௌ குறைய என்றாயிற்று. முன்பு முதலாளியின் கோபத்துக்கும் தொழிலாளியின் கெஞ்சலுக்கும் நடுவே ஊசலாடிய ஒன்றை இப்போது எண்ணிக் காட்ட முடிந்தது. வேலை சரியாகச் செய்தவன், சரியாகச் செய்தேன் என்று மெய்ப்பிக்க முடியும் என்பது சிறிய விஷயமன்று.

இனி, பெரியவரை ஏமாற்றிய அந்த நம்பருக்கு வருவோம். கம்பி இழுப்போர் உலோகக் கோலை ஒரு துளையில் இழுத்து மெலியச் செய்து, பிறகு அதனினும் சிறிய துளையில் இழுத்து, இவ்வாறே மேன்மேலும் மெலிவிப்பர். எத்தனையாவது துளை என்பதே கம்பியின் நம்பராயிற்று. ஆதலின் இழுக்க இழுக்க நம்பர் ஏறும், கனம் இறங்கும். கம்பி இழுப்பவனுக்கு அந்த எண் தன் உழைப்பின் கணக்கு. அதில் குறை சொல்ல இடமில்லை. ஓரத்தில் வரிசையாக வெட்டுக்கள் அமைந்த உருக்குத் தகடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வெட்டில் கம்பி இறுக்கமாக நுழைகிறதோ அந்த வெட்டின் எண்ணைச் சொல்வர். தொல்லை எங்கே வந்ததென்றால், பர்மிங்ஹாமில் ஒரு வரிசை, லங்காஷயரில் ஒரு வரிசை, ஊசிக்கு ஒன்று, பியானோக் கம்பிக்கு ஒன்று என்று ஆளுக்கொரு வரிசை வைத்துக்கொண்டதிலேதான். ஒரே வரிசையென்று பெயர் சொல்லி விற்ற அளவுத்தகடுகளும் தம்முள் ஒத்துவரவில்லை.

1867-இல் அமெரிக்காவிலே நிகழ்ந்த ஒன்று இதற்குத் தக்க சான்று. பிரிட்ஜ்போர்ட் பித்தளைக் கம்பெனி, தோட்டாச் செய்யும் கம்பெனி ஒன்றுக்குப் பித்தளைத் தகடு அனுப்பியது. கனம் பிசகு என்று சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. விற்றவர் தம் அளவுத்தகட்டால் அளந்து பார்த்தால் கனம் சரியாகவே இருக்கிறது. வாங்கியவர் தம்முடையதால் அளந்தால் பிசகாக இருக்கிறது. வழக்கைத் தீர்க்க மூன்றாவது அளவுத்தகடு ஒன்றைக் கொண்டுவந்தனர். அது முன்னிரண்டில் எதனோடும் ஒத்துப்போகவில்லை. மூன்று சாட்சிகள், மூன்று வாக்குமூலம்! இதில் எவர் பொய்யர்? எவருமல்லர். கனத்துக்கு எண் இருந்தது, அலகு இல்லை, அவ்வளவே. அக்கம்பெனியின் மேலாளராயிருந்த வில்மட் என்பவர், இனி வெட்டுத்தகட்டை நம்புவதில்லை என்று, திருகைச் சுழற்றி ஆயிரத்தில் ஒரு பங்கைப் படிக்கத்தக்க சிறு கருவி ஒன்றை வகுத்துச் செய்வித்தார்.

அத்தகைய கருவி பாரிஸ் நகரில் முன்னரே பிறந்திருந்தது. திருகின் ஒரு சுற்றுக்கு முனை எவ்வளவு முன்னேறுகிறதோ அதனைச் சுற்றின் கூறுகளாகப் பகுத்துப் படிக்கலாம் என்னும் நுட்பத்தைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே வில்லியம் காஸ்காயின் என்னும் ஆங்கிலேய இளைஞர் தொலைநோக்கியில் வைத்து வானத்தை அளந்தார். உள்நாட்டுப் போரில் 1644-இல் மாண்டும் போனார். வானை அளந்த திருகை மண்ணிலுள்ள தகட்டுக்கும் கம்பிக்கும் கொண்டுவந்து, கையடக்கமாகச் செய்து 1848-இல் காப்புரிமை பெற்றவர் ழான் லோரான் பாமேர் என்னும் பிரெஞ்சுக்காரர். 1867-இல் பாரிஸில் நடந்த கண்காட்சிக்குச் சென்ற அமெரிக்கக் கருவித் தொழிலாளரான பிரவுன், ஷார்ப் என்னும் இருவர் அதைக் கண்டு வியந்து, தம் ஊர் திரும்பி, மலிவாகச் செய்து விற்கத் தொடங்கினர். சட்டைப் பையிலே போட்டுக்கொண்டு போகத்தக்க நீதிபதி ஒருவர் அன்றுதான் பட்டறைத் தொழிலாளிக்குக் கிடைத்தார் என்று சொன்னால் மிகையாகாது.

கருவி வந்தபின் சட்டமும் வந்தது. பிரிட்டனில் 1883 ஆகஸ்டு 23-இல் பிறந்த ஆணையொன்றால் ஒரே நிலையான கம்பி நம்பர் வரிசை வகுக்கப்பெற்று, 1884 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம்பரை ஒழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நம்பருக்கும் இத்தனை தௌ என்று கட்டிவைத்தார்கள். ஏழு சுன்னம் என்னும் நம்பர் அரை அங்குலம். 50-ஆம் நம்பர் ஒரே ஒரு தௌ. 28-ஆம் நம்பர் 14.8 தௌ என்றும் 30-ஆம் நம்பர் 12.4 தௌ என்றும் அன்றே எழுதிவைத்துவிட்டார்கள். நம் பெரியவர் போன்றோர்க்குத்தான் அஃது எட்டவில்லை. ஆனால் கடலுக்கு அப்பால் அமெரிக்கர் தம் கம்பிக்கு வேறு வரிசை வைத்திருந்தனர். இரும்புத் தகட்டுக்கோ 1893-இல் அவர்கள் நாட்டுச் சட்டசபை சுங்கவரி வாங்குவதற்கென்றே இன்னொரு வரிசை வகுத்தது. ஆக 24 நம்பர் என்று சொன்னால், பிரிட்டிஷ் வரிசையில் 22 தௌ, அமெரிக்கக் கம்பி வரிசையில் 20 தௌவுக்குச் சற்று மேல், அமெரிக்கத் தகட்டுச் சட்டப்படி 25 தௌ. ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரும்பை மறைத்துவிடலாம்!

மேற்சொன்ன அமெரிக்கச் சட்டத்தில் யாம் கண்ட புதுமை ஒன்றுண்டு. அது கனத்தை அங்குலத்தில் மட்டும் கூறாமல், ஒரு சதுரஅடித் தகடு எத்தனை அவுன்சு நிறுக்கும் என்றும் கூறியது. 24-ஆம் நம்பர் என்றால் சதுரஅடிக்குப் பதினாறு அவுன்சு. தமிழில் கனம் என்னும் ஒரே சொல் தடிப்பையும் குறிக்கும், பாரத்தையும் குறிக்கும். இதனைச் சொல்வறுமை என்று நினைப்பாரும் உளர். உலகத்துத் தொழில்கள் பலவற்றைப் பார்க்குங்கால் இவ்விரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கமுடியாதபடி பிணைந்தே கிடக்கின்றன. ஒன்றின் தடிப்பு விரலுக்கும் கருவிக்கும் அகப்படாதபடி மெல்லியதாயின், அதை நிறுத்துப் பார்ப்பதே அளத்தற்குரிய வழி. ரோமாபுரியின் பிளினி, ஓர் அவுன்சுப் பொன்னை நான்கு விரற் சதுரமான எழுநூற்றைம்பது இதழ்களாகத் தட்டலாம் என்று எழுதிவைத்தார். அதைக் கொண்டு கணக்கிட்டால் அவ்விதழின் கனம் ஒரு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், மூன்றிலொரு பகுதியளவே ஆகிறது. எந்தத் திருகும் இல்லாத காலத்தில், தராசும் முழக்கோலும் மட்டும் கொண்டு தந்த விடை இது! நம் அணு ஏணியைவிட இதனையே யாம் பெரிதும் போற்றுவோம். ஏனெனில் இது தட்டித் தட்டி, எண்ணி, நிறுத்துக் கண்ட கணக்கு. இங்கிலாந்தில் சன்னற்கண்ணாடியும் நெடுங்காலம் சதுரஅடிக்கு இத்தனை அவுன்சு என்றே விலைபோயிற்று. காகிதத்தை இன்றும் சதுரமீட்டருக்கு இத்தனை கிராம் என்றே வாங்குகிறோம்.

நம் நெசவாளர் கைக்கு இஃது இன்னும் அணுக்கமானது. எண்பதாம் நம்பர் நூல், நூறாம் நம்பர் நூல் என்று தறிக்காரர் சொல்வது வெறும் வரிசையெண் அன்று. 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நம்பர். நூறாம் நம்பர் நூல் ஒரு ராத்தலை நீட்டினால் நாற்பத்தேழு மைலுக்கு மேல் ஓடும். இங்கும் எண் ஏறினால் நூல் மெலியும். ஆனால் கம்பி நம்பரைப்போல் காரணமற்ற மறைவெண்ணாக இராமல், தராசும் கெஜக்கோலும் உள்ள எவரும் சரிபார்த்துக்கொள்ளத்தக்கதாக இருக்கிறது. பட்டுக்கும் நைலானுக்கும் வழங்கும் டெனியர் என்பது இதற்கு நேர்மாறு: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது அது, எண் ஏறினால் நூல் தடிக்கும். மரத்திருகாணியின் நம்பரும் அப்படியே ஏறினால் தடிக்கும். ஒரே கடையில் இரும்புத் தகடும் திருகாணியும் வாங்குபவர் ஒன்றுக்கு மேலே எண்ணவேண்டும், மற்றொன்றுக்குக் கீழே எண்ணவேண்டும். இந்தக் கூத்தைப் பார்த்தும் நம் தச்சரும் கொல்லரும் குழம்பாமலிருப்பது அவர்களின் அறிவுக்கே பெருமை.

மருத்துவமனையிலும் இதே தலைகீழ் எண் இன்றளவும் இருக்கிறது. ஊசிமருந்து ஏற்றும் ஊசிகள் பழைய பர்மிங்ஹாம் வரிசைப்படியே எண்ணப்படுகின்றன. இரத்ததானம் செய்வோர்க்குப் பொதுவாகக் குத்தும் 16-ஆம் நம்பர் ஊசி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனமுடையது; நீரிழிவு நோயாளர் இன்சுலினுக்குக் கையாளும் 31-ஆம் நம்பர் ஊசி கால் மில்லிமீட்டரைச் சற்றே கடந்தது. 31 என்ற எண்ணைக் கேட்டு அஞ்சி நடுங்கிய மூதாட்டி ஒருவரை யாம் அறிவோம்.

மெட்ரிக் முறை வந்தபின் இத்தொல்லைகளெல்லாம் தீர்ந்திருக்கவேண்டும். மலேசியாவில் 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தோடு அம்முறை வேரூன்றியது. சிங்கப்பூரும் 1970-களிலேயே மாறிற்று. அங்குலமும் 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகளின் உடன்படிக்கையால் 25.4 மில்லிமீட்டர் என்று ஒரு தும்பும் பிசகாமல் கட்டுண்டுவிட்டது. ஆனால் சொற்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அமெரிக்கர் ஆயிரத்திலொரு அங்குலத்தைத் "தௌ" என்னாமல் "மில்" என்பர். நம் நாட்டுப் பட்டறைகளில் "மில்" என்றால் மில்லிமீட்டரின் குறுக்கம். பால்மரத் தோட்டங்களில் நம்மவர் சிந்திய வியர்வையின் வழிவந்த ரப்பர்ப் பாலிலிருந்து மலேசியத் தொழிற்சாலைகள் செய்தனுப்பும் கையுறையை அமெரிக்கர் நான்கு மில் என்று கேட்டால், அது ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு. அச்சொல்லை நம் பட்டறை வழக்கிற் கொண்டால் அதுவே நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள செருப்புத்தோல் ஆகிவிடும். பெயர் ஒன்றாயிருந்து பொருள் ஏறத்தாழ நாற்பது மடங்கு மாறுவது, பெயரே இல்லாதிருப்பதைவிடக் கேடானது.

மைக்ரான் என்னும் சொல்லும் இவ்வாறே சட்டத்தை மீறி வாழ்வது. 1879-இல் அனைத்துலக அளவைக் குழு ஏற்றுக்கொண்ட அப்பெயரை, 1967-இல் கூடிய பேரவை நீக்கி, மைக்ரோமீட்டர் என்றே வழங்கவேண்டுமென்று தீர்மானித்தது. ஆயினும் பிளாஸ்டிக்குப் பை விற்பவரும் வாங்குபவரும் தடைசெய்பவரும் இன்றும் மைக்ரான் என்றே சொல்லுகின்றனர். அந்தப் பையின் கதையில் அலகைப் பற்றிய பெரிய பாடமொன்று அடங்கிக் கிடக்கிறது. மெல்லிய பையைக் குப்பை பொறுக்குவோர் எடுப்பதில்லை. ஆயிரம் பை பொறுக்கினாலும் நிறுவையில் காசு தேறாது. ஆகவே பை கனமாயிருக்கவேண்டும் என்று இந்திய அரசாங்கம் குறைந்த அளவு ஒன்றை வைத்தது. அவ்வளவு 2011-இல் 40 மைக்ரான், 2016-இல் 50 மைக்ரான், 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்று ஏறிக்கொண்டே வந்தது. பைக்கு மைக்ரான் பொருத்தமான அலகுதான். எண் அழகாக விழுகிறது. ஆனால் காய்கறி வாங்க வந்த அம்மையாருக்கு 40 மைக்ரானையும் 50 மைக்ரானையும் விரலால் வேறுபிரிக்க இயலுமா? கடைவாயிலில் வந்து நிற்கும் அதிகாரியிடமாவது திருகுக்கருவி இருக்கிறதா? வசதி இருந்தது, இருதரப்பும் சரிபார்க்கும் நீதி இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டு அரசு ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்தபோது, கனம் எவ்வளவாயினும் தடை உண்டு என்று எழுதிற்று. அளக்கமுடியாத அளவைச் சட்டத்தில் வைப்பதைவிட அளவையே நீக்கிவிடுவது நேர்மையென்று எமக்குத் தோன்றுகிறது. மாறுபட்ட கருத்துடையாரும் இருக்கலாம்.

விரலாலோ கோலாலோ அளக்கலாகாத மெல்லிய பொருளைக் கருவியின்றி அளக்க வழியே இல்லையோ எனின், உண்டு. ஒன்றை அளக்கமுடியாதபோது பலவற்றை அடுக்கி அளந்து எண்ணால் வகுப்பதே அது. ஐந்நூறு தாள் கொண்ட காகிதக்கட்டு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் உயரம் நிற்கும். ஆதலின் ஒரு தாள் மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு. பிள்ளைகளுக்கு ஒரு பழைய புத்தகத்தையும் பள்ளிக்கூட அளவுகோலையும் கொடுத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். எட்டு நெல்லை ஒரு விரலோடு ஒப்பிட்ட நம் முன்னோர் கைக்கொண்டதும் இவ்வழியே. எள்ளிலும் அவர்கள் இதனையே செய்திருந்தால் ஏணி முறிந்திராது.

இவ்வளவும் படித்தறிந்தபின், சென்ற ஆண்டு அதே பெரியவருடன் மீண்டும் இரும்புக்கடைக்குச் சென்றோம். இம்முறை வேறு கடை. பெரியவர் நம்பரைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், "மில்லிமீட்டர் என்ன, சொல்லுங்கள் தம்பி" என்றார். கடைப் பையன் 0.35 என்றான். யாம் மகிழ்ந்துபோய்ப் பணத்தை எடுக்கும் சமயத்தில், பெரியவர் தகட்டின் நீலப்பூச்சை நகத்தால் கீறிக்கொண்டே, "இது பெயிண்டோடு சேர்த்தா, இரும்பு மட்டுமா?" என்று கேட்டார். பையன் உள்ளே போய் முதலாளியைக் கேட்டுவந்து, பூச்சோடு சேர்த்துத்தான் 0.35, இரும்பு மட்டும் 0.30 என்றான். கனத்தை மில்லிமீட்டரிற் சொன்னாலும் எங்கிருந்து எதுவரை என்று சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எமக்கு முன்னே பெரியவர் சிந்தித்திருக்கிறார். இரண்டு எண்ணையும் ரசீதில் எழுதச் சொன்னார். முதலாளியே வெளியே வந்து, மேசை இழுப்பிலிருந்து திருகுக்கருவியை எடுத்துத் தகட்டின் ஓரத்தில் வைத்துச் சுழற்றிப் பெரியவர் கண்ணுக்கு நேரே நீட்டினார். பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்தச் சிறு கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.